மலைமேல் சுனை உண்டா?

கோவில்பட்டிப் பக்கம் தீக்குச்சி செய்யும் இடத்தை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பதே ஊர் வழக்கு. முன்பெல்லாம் சட்டங்களில் குச்சிகளைக் கையால் வரிசையாக அடுக்குவார்கள். அதற்குக் 'கட்டை அடுக்குதல்' என்று பெயர். அடுக்கிய கட்டையை மெழுகிலும், பிறகு மருந்திலும் முக்கி எடுப்பார்கள். இன்று பெரும்பாலும் இயந்திரமே இவ்வேலையைச் செய்கிறது. எப்படிச் செய்தாலும் ஒன்று மாறுவதில்லை. குச்சிகளின் தலையில் ஏறக்குறைய ஒரே அளவு மருந்துதான் இருக்கும். எனவே அவை ஏறக்குறைய ஒரே பிரகாசத்துடன் பற்றும்.

இப்போது ஓர் அமாவாசை இரவில் கரிசல் காட்டின் நடுவே நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். எங்கோ தொலைவில் ஒருவர் அதே தீக்குச்சியை உரசுகிறார். பத்து மீட்டர் தொலைவில் அதன் ஒளி எவ்வளவு என்று முன்பே அளந்து வைத்திருந்தால், நடந்து போகாமலே அவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். எதிரிடை இருமடி விதி என்று பள்ளியில் படித்ததுதான் இது.

இந்த எளிய உத்தியால்தான் பேரண்டத்தின் விரிவை அளந்தார்கள். அந்த அளவீட்டைக் கொண்டு, சோதனைக்கே அகப்படாதது என்று பெயரெடுத்த இழைக் கொள்கையைச் சோதிக்க முடியுமா என்று இன்று ஒரு பெரிய விவாதம் நடந்து வருகிறது. என் வகுப்பில் ஒரு மாணவி ஒருநாள் கேட்டார்: "சோதிக்க முடியாததை எதுக்கு சார் படிக்கணும்?" நல்ல கேள்வி. அன்று மணி அடித்துவிட்டதால் தப்பித்தேன். அக்கேள்விக்கு இப்போது விடை தேடுவோம்.

வானத்துத் தீக்குச்சி

கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரே அளவு மருந்து முக்கிய தீக்குச்சியை யார் வைத்தார்கள்? இவ்விடத்தில் சென்னையில் படித்த ஓர் இளைஞர் வருகிறார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டு தம் 19ஆம் வயதில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பயணத்தின்போதே, எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன 'வெண்குறு விண்மீன்'களைப் பற்றிக் கணக்கிட்டார். அத்தகைய விண்மீன் ஒன்றின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் அது தன் எடையைத் தானே தாங்க முடியாது என்று கண்டார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்பது அந்த எல்லை. 'சந்திரசேகர் எல்லை' என்று அது வழங்கப்படுகிறது. இதையும் உள்ளிட்ட விண்மீன் ஆய்வுகளுக்காக 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெண்குறு விண்மீன் தன் துணை விண்மீனிடமிருந்து பொருளைப் பறித்துக்கொண்டே அந்த எல்லையை நெருங்கினால், உள்ளேயுள்ள கரி திடீரென அணுக்கருத் தீப்பற்றி, விண்மீன் முழுதும் வெடித்துச் சிதறும். சில வாரங்கள் ஒரு முழு விண்மீன் மண்டலத்துக்கு ஈடாக ஒளிரும். 'ஒன்று ஏ' வகை சூப்பர்நோவா என்பது இதுவே. வெடிப்பது எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவு மருந்து. ஆகவே பிரகாசமும் ஏறத்தாழ ஒன்றே.

'ஏறத்தாழ' என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு வெண்குறு விண்மீன்கள் மோதி வெடிப்பதும் உண்டு. எல்லையை எட்டுமுன் வெடிப்பதும் உண்டு. நமத்த குச்சியும் காய்ந்த குச்சியும் ஒரே மாதிரி எரிவதில்லை அல்லவா? ஆனால், பிரகாசமாக வெடிப்பவை மெதுவாக அடங்குகின்றன, மங்கலானவை விரைவாக அடங்குகின்றன என்று 1993இல் மார்க் பிலிப்ஸ் காட்டினார். அடங்கும் வேகத்தைப் பார்த்துப் பிரகாசத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்றாயிற்று. அதன்பின்தான் இந்தத் தீக்குச்சி அளவுகோலுக்கு நம்பகம் வந்தது.

இனி விரிவு. ஒரு ரப்பர் நாடாவில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மைப்புள்ளியாக வைத்து, நாடாவை இரு மடங்கு நீளத்துக்கு இழுங்கள். முதல் புள்ளியில் உட்கார்ந்திருக்கும் எறும்புக்கு, 1 செ.மீ.யில் இருந்த புள்ளி 2க்கும், 3 செ.மீ.யில் இருந்தது 6க்கும் போயிருக்கும். தொலைவில் உள்ளது அதிக வேகத்தில் விலகியதாகத் தோன்றும். எந்தப் புள்ளியில் எறும்பை வைத்தாலும் இதே கதைதான். விண்மீன் மண்டலங்கள் இவ்வாறே விலகுகின்றன என்பதை 1929இல் எட்வின் ஹபிள் வெளியிட்டார். வழியில் வரும் ஒளியும் நாடாவைப்போல் நீட்டப்பட்டுச் சிவப்புப் பக்கம் நகர்கிறது. எனவே நிறமாலையைப் பார்த்தால், ஒளி புறப்பட்டபின் பேரண்டம் எத்தனை மடங்கு பெருத்தது என்பது தெரியும். தீக்குச்சியின் மங்கலைப் பார்த்தால் ஒளி வந்த தொலைவு தெரியும். இரண்டையும் சேர்த்தால் விரிவின் வரலாறே கிடைத்துவிடும்.

மேலே எறிந்த கல்லின் வேகம் குறைவதுபோல, ஈர்ப்பின் காரணமாக விரிவின் வேகமும் குறைந்துகொண்டே வர வேண்டும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பாக இருந்தது. 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அளந்து பார்த்தபோது, தொலைவான சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய கால் பங்கு மங்கலாக இருந்தன. எதிர்பார்த்ததைவிட அதிகத் தூரத்தில் அவை இருக்கின்றன என்று பொருள். எறிந்த கல் மேலே போகப் போக வேகம் கூடுகிறது! சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவரும் 2011இல் நோபல் பரிசு பெற்றது இதற்காகத்தான். கல்லைத் தள்ளும் ஆற்றலுக்கு 'இருள் ஆற்றல்' என்று பெயர் வைத்தார்கள். பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் சுமார் 70 விழுக்காடு அதுதான். பெயர் வைத்துவிட்டால் விளங்கிவிட்டது என்று நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அப்படி நினைக்க வேண்டாம்.

வெற்றிடத்தில் எவ்வளவு இருக்கிறது?

அளவைச் சொன்னால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு கன கிலோமீட்டர் இடத்தில் உள்ள இருள் ஆற்றல் சுமார் அரை ஜூல்தான். நம் தீக்குச்சி ஒன்று முழுதாக எரிந்தால் சுமார் ஆயிரம் ஜூல் வெப்பம் வரும். அந்த ஒரு குச்சிக்கு ஈடான இருள் ஆற்றலைச் சேர்க்க வேண்டுமானால் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் பன்னிரண்டரை கிலோமீட்டர் உள்ள பெட்டி வேண்டும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில் பெரும்பகுதி அதன் ஒரு விளிம்புக்கே சரியாகிவிடும். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் ஒரே ஒரு தீக்குச்சி! ஆனால் பேரண்டத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. எங்கும் பரவியிருப்பதால் மொத்தத்தில் அதுவே வெல்கிறது.

இது என்ன பொருள்? மிக எளிய விடையை ஐன்ஸ்டைன் 1917லேயே வேறொரு காரணத்துக்காக எழுதி வைத்திருந்தார். வெற்றிடத்துக்கே உரிய, எங்கும் எப்போதும் மாறாத ஆற்றல். 'அண்ட மாறிலி' என்று அதற்குப் பெயர். இதன் விசித்திரத்தை ஓர் ஒப்புமையால் காண்போம். பானகத்தில் தண்ணீரை ஊற்றி இரு மடங்காக்கினால் இனிப்பு பாதியாகும். சாதாரணப் பருப்பொருள் அப்படித்தான். பேரண்டத்தின் கொள்ளளவு இரு மடங்கானால் அதன் அடர்த்தி பாதியாகிறது. அண்ட மாறிலியோ எவ்வளவு ஊற்றினாலும் இனிப்புக் குறையாத பானகம்.

நீர்த்துப்போகும் இந்தத் தன்மையை இயற்பியலார் ஓர் எண்ணால் குறிப்பார்கள். அழுத்தத்தை ஆற்றல் அடர்த்தியால் வகுத்து வரும் அதை 'நிலை எண்' என்று இங்கே அழைப்போம். பருப்பொருளுக்கு அது 0. சிறிதும் நீர்க்காத அண்ட மாறிலிக்குச் சரியாக −1. இருள் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருமானால், நிலை எண் −1க்குச் சற்று மேலே, −0.9 என்றோ −0.8 என்றோ இருக்கும். இந்த −1 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கே அதன்மேல்தான்.

நூலும் பஞ்சுப் பொதியும்

பொருள்களின் அடிப்படைத் துகள்கள் புள்ளிகள் அல்ல, மிக நுண்ணிய இழைகள்; ஓர் இழை எந்த விதமாக அதிர்கிறதோ அதைப் பொறுத்து அது எலெக்ட்ரானாகவோ ஒளித்துகளாகவோ தோன்றும் என்பது இழைக் கொள்கை. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையையும் குவாண்டம் கொள்கையையும் முரணின்றி ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆனால் இது ஒரு விலை கேட்கிறது. இழைகள் ஒழுங்காக அதிரக் காலத்தையும் சேர்த்துப் பத்துப் பரிமாணங்கள் வேண்டும். நாம் காண்பது நான்கே. மீதி ஆறும் சுருண்டு கிடக்கின்றன என்கிறார்கள்.

சுருண்டு கிடப்பது என்றால் என்ன? நூற்பாலையிலிருந்து வரும் நூலைத் தொலைவிலிருந்து பாருங்கள். நீளம் மட்டும் உள்ள கோடாகத் தெரியும். அதன்மேல் ஊரும் சிற்றுயிருக்கோ நூலைச் சுற்றி வரவும் வழி உண்டு. சுற்றும் அந்தத் திசை சிறிதாகச் சுருண்டிருப்பதால் நம் கண்ணுக்குப் படவில்லை. ஒவ்வொரு இடத்திலும் இப்படி ஆறு திசைகள் மடிந்து கிடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

மடித்து வைத்தது அப்படியே இருக்குமா? இங்கேதான் சிக்கல். பஞ்சுப் பொதியைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தி, பட்டை போட்டு இறுக்கிக் கட்டாவிட்டால் அது ஊதிக்கொண்டே போகும். சுருண்ட பரிமாணங்களும் அப்படியே. அவற்றின் உருவமும் பருமனும் மாறிக்கொண்டே இருந்தால், வெற்றிடத்தின் ஆற்றலும், நாம் அளக்கும் மாறிலிகளும்கூட மாறிக்கொண்டே இருக்கும். எனவே பொதியை எதைக் கொண்டு கட்டுவது என்பது இழைக் கொள்கையாளரின் பெரிய கவலையாக இருந்தது. வெற்றிடத்தின் ஆற்றல் சுழியாகவோ எதிர்க்குறியாகவோ இருக்குமாறு கட்டுவது ஓரளவு எளிது. வானம் காட்டுவதோ நேர்க்குறி. 2001 ஜனவரியில் மும்பையில் நடந்த இழைக் கொள்கை மாநாட்டில், அத்துறையின் முதல்வரான எட்வர்டு விட்டன், நேர்க்குறி ஆற்றலுள்ள பேரண்டத்தை இழைக் கொள்கையிலிருந்து பெறத் தெளிவான வழி எதுவும் தமக்குத் தெரியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இரண்டே ஆண்டுகளில் ஒரு வழி வந்தது. 2003இல் நால்வர் சேர்ந்து அதை எழுதினர். ஷமித் கச்ரு, ரெனாட்டா கல்லோஷ், ஆந்திரேய் லிண்டே ஆகிய மூவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர். நான்காமவர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சந்தீப் திரிவேதி. பின்னாளில் அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். அவர்கள் சொன்ன வழியில் மூன்று படிகள் உண்டு. சுருண்ட பரிமாணங்களைச் சுற்றி ஒருவகைக் காந்தப்புலம் போன்ற பாய்வுகளைப் பட்டையாகக் கட்டினால் உருவம் நிலைக்கும். நுண்ணிய குவாண்டம் விளைவு ஒன்றால் பருமனும் நிலைக்கும். ஆனால் இந்நிலையில் ஆற்றல் எதிர்க்குறியாக, தரைமட்டத்துக்குக் கீழுள்ள கிணறுபோல் இருக்கும். மூன்றாவதாக, எதிர் மின்னூட்டம் கொண்ட படலம் ஒன்றை உள்ளே வைத்தால் கிணற்றின் அடித்தளம் மேலே தூக்கப்பட்டு, சற்றே நேர்க்குறியாக நிற்கும்.

கழுகுமலை போன்ற பாறைக் குன்றுகளில் ஏறியவர்கள், மழை விட்டபின் பாறைக் குழிகளில் நீர் தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். நீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். ஆனால் மலைமேலேயே ஒரு குழி இருந்தால், கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே நின்றுவிடும். நம் பேரண்டம் அத்தகைய சுனை என்பதே நால்வர் கண்ட விடை. உயரம், அதாவது ஆற்றல், நேர்க்குறி. ஆனால் நிலையாக நிற்கிறது. என்றோ ஒருநாள் குழியின் கரையைத் தாண்டிக் கீழே விழலாம். அதற்கான காலம் பேரண்டத்தின் இன்றைய வயதான 1380 கோடி ஆண்டுகளைவிட எத்தனையோ மடங்கு அதிகமாதலால் நாம் பயப்பட வேண்டியதில்லை. சுனை நிலையானது என்றால் நிலை எண் சரியாக −1.

இப்படிக் கட்டும் வழிகள் எத்தனை என்று எண்ணியவர்கள், 1க்குப் பின் 500 சுழிகள் போட்ட எண் ஒன்றைச் சொன்னார்கள். மலை முழுதும் சுனைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பேரண்டம். 'எதை வேண்டுமானாலும் விளக்கும் கொள்கை எதையும் விளக்கவில்லை' என்ற குற்றச்சாட்டு இதிலிருந்துதான் வலுப்பெற்றது. என் மாணவியின் கேள்வியின் வேரும் இதுவே.

சுனையே இல்லை என்றவர்கள்

இழைக் கொள்கையாளர் எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஈரானில் பிறந்து ஹார்வர்டில் பணியாற்றும் கும்ரான் வாஃபா, 2005இல் ஒரு புதுக் கேள்வி கேட்டார்: தாளில் எழுதிப் பார்க்கும்போது நன்றாகத் தெரியும் கொள்கைகளில், ஈர்ப்பையும் குவாண்டத்தையும் சேர்த்தால் உடைந்துபோகிறவை எவை? அவற்றுக்குச் 'சதுப்பு நிலம்' என்று பெயரிட்டார். கரிசல்காட்டுக்காரர்களுக்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை. கோடையில் வெடித்துக் கிடக்கும் அதே நிலம்தான், ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் உறுதியாகத்தான் தெரியும். கால் வைத்தால் விடாது.

2018 ஜூனில் வாஃபாவும் ஒபீது, ஊகுரி, ஸ்பொடினெய்கோ ஆகியோரும் துணிந்து ஓர் ஊகத்தை வெளியிட்டனர். மலைமேல் சுனை என்பதே கிடையாது. ஆற்றல் நேர்க்குறியாக இருக்கும் இடமெல்லாம் சரிவுதான். அதுவும் சும்மா சரிவல்ல. சரிவை உயரத்தால் வகுத்து வரும் எண்ணை, அதற்குரிய இயற்கை அலகில், 'சரிவு எண்' என்போம். அது 1ஐ ஒட்டிய அளவில் இருந்தே தீர வேண்டும் என்பது அவர்கள் வாதம். நால்வர் கண்ட சுனை சதுப்பில் கட்டிய வீடு என்றாகிறது.

இதில் நான் மதிப்பது இதன் துணிவை. சரிவு என்றால் ஓட்டம் உண்டு. ஓட்டம் என்றால் இருள் ஆற்றல் காலப்போக்கில் குறைய வேண்டும். குறைந்தால் நிலை எண் −1 ஆக இருக்க முடியாது. ஆக, தொலைநோக்கியால் அளக்கக்கூடிய ஒன்றைச் சொல்லித் தன் கழுத்தைத் தானே நீட்டியிருக்கிறது இந்த ஊகம். பேரண்டத்தின் விரிவே சேறுபோல் ஓட்டத்தைத் தடுப்பதால், நகர்வு மெதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் சரிவு செங்குத்தாக ஆக, நிலை எண் −1ஐ விட்டு விலகுவது கூடும்.

அதே மாதத்தில் அகர்வால், ஒபீது, ஸ்டைன்ஹார்ட், வாஃபா ஆகியோர் அப்போதிருந்த அளவீடுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வானம் அனுமதித்த சரிவு எண் சுமார் 0.6க்குள். ஊகம் கேட்டதோ 1ஐ ஒட்டியது. தோல்வி என்று சொல்ல முடியாது, தேர்ச்சி என்றும் சொல்ல முடியாது. வகுப்பில் நாங்கள் 'விளிம்பு மதிப்பெண்' என்போமே, அந்த நிலை.

ஊகத்தில் ஓட்டையும் இருந்தது. சுனை இல்லை என்பதோடு நில்லாமல், சமதளமான எந்த இடமும் மலையில் இல்லை என்கிறது அது. அப்படியானால் குன்றின் உச்சி? உச்சிப் புள்ளியில் சரிவு சுழிதானே! 2012இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகளின் புலத்துக்கே அத்தகைய உச்சி ஒன்று உண்டு. இந்த முடிச்சை அவிழ்க்க உதவிய திருத்தம் பெங்களூரிலிருந்து வந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் சேதன் கிருஷ்ணன், சுமித் கார்க் என்பவருடன் சேர்ந்து 2018 ஜூலையில் அதை எழுதினார். சரிவு இருக்க வேண்டும், அல்லது அந்த இடம் எல்லாப் பக்கமும் தாங்கும் குழியாக இல்லாமல் ஏதேனும் ஒரு பக்கம் செங்குத்தாகக் கவிழ்ந்திருக்க வேண்டும். உச்சியில் வைத்த கோலிக்குண்டு நிற்கப்போவதில்லை. சுனையில் வைத்தது நிற்கும். சுனைக்கு மட்டும் தடை என்று ஊகம் கூர்மையாயிற்று. அதே ஆண்டு வாஃபாவும் அவர் துணைவரும் இத்தகைய திருத்தத்தையே முன்வைத்தனர்.

சுனைக் கட்சியும் வாளாவிருக்கவில்லை. லியாம் மெக்காலிஸ்டரும் அவர் குழுவினரும் 2024இல், நால்வரின் வழியைப் பின்பற்றி வெளிப்படையான எண்களுடன் சில எடுத்துக்காட்டுகளைக் கட்டிக் காட்டினர். ஆனால் அவர்களே அவற்றை 'சுனைகள்' என்று உறுதியாகச் சொல்லாமல், 'சுனையாக இருக்கக்கூடியவை' என்றுதான் அழைத்தார்கள். கணக்கில் சேர்க்காத சிறு திருத்தங்கள் குழியை நிரவிவிடுமா என்பது தீராத சண்டை. தாளும் பேனாவும் இதற்குமேல் போகவில்லை.

ஐயாயிரம் கண்கள்

எனவே வானத்துக்கே திரும்புவோம். அமெரிக்காவில் அரிசோனாவின் கிட் சிகரத்தில் உள்ள 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் 'டெசி' என்ற கருவி பொருத்தப்பட்டு, 2021 மே மாதம் முதல் அளவெடுத்து வருகிறது. ஐயாயிரம் ஒளியிழைகள், ஒவ்வொன்றையும் ஒரு விண்மீன் மண்டலத்தை நோக்கித் திருப்ப ஒவ்வொரு சிறு இயந்திரக் கை. ஒரே நேரத்தில் ஐயாயிரம் நிறமாலைகள்!

இது தீக்குச்சியை நம்பவில்லை, அளவுகோலை நம்புகிறது. கண்மாயில் கல் விழுந்தால் வளையம் விரிகிறதல்லவா? பேரண்டம் சூடான குழம்பாக இருந்த காலத்தில் அத்தகைய ஒலி வளையங்கள் விரிந்தன. சுமார் 3,80,000 ஆண்டு வயதில் குழம்பு ஆறியதும் வளையங்கள் உறைந்து நின்றன. பின்னர் விண்மீன் மண்டலங்கள் அவ்வளையங்களில் சற்றே அதிகமாகத் திரண்டன. பேரண்டத்தோடு சேர்ந்து வளர்ந்து வந்த அந்த வளையத்தின் ஆரம் இன்றைய அளவில் சுமார் 49 கோடி ஒளியாண்டு. வெவ்வேறு தொலைவுகளில் வளையம் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்று அளந்தால் விரிவின் வரலாறு மறுபடியும் கிடைக்கும்.

2025 மார்ச்சில், சுமார் ஒன்றரைக் கோடி மண்டலங்களையும் குவேசார்களையும் அளந்து டெசி குழு முடிவுகளை வெளியிட்டது. வளையங்களுடன் ஆதிக் கதிர்வீச்சின் அளவீடுகளையும் மூன்று வெவ்வேறு சூப்பர்நோவாத் தொகுப்புகளையும் தனித்தனியே சேர்த்துப் பார்த்தார்கள். இன்றைய நிலை எண் சுமார் −0.84, −0.75, −0.67 என்று மூன்று விடைகள் வந்தன. மூன்றும் −1க்கு மேலே! மாறாத அண்ட மாறிலியிலிருந்து விலகல் முறையே 2.8, 4.2, 3.8 திட்ட விலக்கம். முதலாவது தற்செயலாக வர இருநூறில் ஒரு வாய்ப்பு. இரண்டாவது வர முப்பத்தேழாயிரத்தில் ஒரு வாய்ப்பு. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலில் 5 வேண்டும் என்பது மரபு. ஆகவே இது கண்டுபிடிப்பு அல்ல. அலட்சியப்படுத்தக் கூடியதும் அல்ல.

சரிவுக் கட்சி வென்றுவிட்டதா? அவசரம் வேண்டாம். முதலாவது தடை தீக்குச்சியிலேயே இருக்கிறது. அருகிலுள்ள சூப்பர்நோவாக்களை அளந்தவை வேறு தொலைநோக்கிகள். தொலைவிலுள்ளவற்றை அளந்தவை வேறு. இரண்டு ஆபீஸ் குச்சிகளை ஒப்பிடும்போது மருந்து கொஞ்சம் முன்பின் இருந்தால் தூரக் கணக்கே தவறும். கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் எஃப்ஸ்டாத்தியூ 2024இல் இந்த ஐயத்தைத்தான் எழுப்பினார். அதிக விலகல் காட்டிய தொகுப்பை அதன் குழுவினரே 2025 இறுதியில் மறுபடி அளவு திருத்தியபோது 4.2 என்பது 3.2 ஆகக் குறைந்தது. குறைந்தது, மறையவில்லை.

இரண்டாவது தடை இன்னும் சுவையானது. டெசி அளவுகளோடு நன்கு பொருந்தும் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், முற்காலத்தில் நிலை எண் −1க்கும் கீழே இருந்ததாக வருகிறது. அப்படியானால் அப்போது இருள் ஆற்றல் விரிய விரியக் கூடியிருக்க வேண்டும். அதாவது நீர் மேட்டை நோக்கி ஏறியிருக்க வேண்டும்! சாதாரணச் சரிவில் இது நடவாது. காலத்தோடு நேர்கோடாக மாறும் என்று வைத்துக்கொண்ட எளிய கணக்கின் கோளாறாக இது இருக்கலாம். அல்லது இருள் ஆற்றல் ஓடும்போது கரும்பொருளின் நிறையும் கூடவே மாறி, நம் கண்ணை ஏமாற்றலாம். இந்த இரண்டாம் வழியை வாஃபா குழுவினர் 2025இல் முன்வைத்தனர். அவர்களின் படத்தில் சுருண்ட பரிமாணங்களில் ஒன்று மைக்ரோமீட்டர் அளவுக்குப் பெரியது. அது மெய்யானால் அவ்வளவு நெருக்கத்தில் நியூட்டனின் ஈர்ப்பு விதியே பிசக வேண்டும். 52 மைக்ரோமீட்டர் வரை விதி பிசகவில்லை என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முறுக்குத் தராசு கொண்டு 2020இல் அளந்திருக்கிறார்கள். இன்னும் நெருங்கி அளக்க வேண்டும். இழைக் கொள்கையின் ஒரு கிளையை ஒரு மேசைமேல் சோதிக்கலாம் என்பது எனக்கே வியப்பான செய்தி.

மாணவியின் கேள்விக்கு நான் பின்னர் சொன்ன விடை இதுதான். வானம் தேர்வு வைப்பது இழைக் கொள்கை முழுமைக்கும் அன்று. நிலை எண் −1 என்றே உறுதியாகிவிட்டால், 'சுனை இல்லை' என்ற ஊகம் வீழும். இழைக் கொள்கை சுனைக் கட்சியின் வடிவில் பிழைத்துக்கொள்ளும். −1 இல்லை என்று உறுதியானால், நாம் இன்று நிற்கும் இடம் சுனை அன்று என்பது தெளிவாகும்; மலையில் வேறெங்கும் சுனை இருக்கவே முடியாது என்று அதனால் நிறுவப்படாது. இரண்டிலும் தாய்க் கொள்கை தப்பித்துக்கொள்கிறது. இது ஒரு குறைதான், மறைப்பதற்கில்லை. ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு முன் இக்கொள்கையினர் வானத்தைப் பார்த்து 'இது இப்படி இருந்தால் நான் சொன்னது தவறு' என்று ஓர் எண்ணைக் குறிப்பிட முடியாமல் இருந்தார்கள். இன்று ஒரு கிளையினராவது குறிப்பிடுகிறார்கள்.

"அப்ப முழுசா ஒண்ணும் முடிவாகலியே சார்" என்றார் அவர். ஆமாம் என்றேன்.

டெசி இன்னும் அளந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பியரின் யூக்ளிட் விண்தொலைநோக்கி 2023 ஜூலையில் ஏவப்பட்டது. சிலி நாட்டு மலை ஒன்றின்மேல் ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. பத்தாண்டுகளில் லட்சக்கணக்கான 'ஒன்று ஏ' சூப்பர்நோவாக்களை ஒரே தொலைநோக்கியால், அருகிலுள்ளவற்றையும் தொலைவிலுள்ளவற்றையும் சேர்த்தே, அது பிடிக்கும். அப்போது எல்லாக் குச்சியும் ஒரே ஆபீஸ் குச்சியாக இருக்கும்.

அந்த மாணவி தம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் −0.84, −0.75, −0.67 என்ற மூன்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். கீழே −1 என்று எழுதி, அதன் எதிரே மட்டும் இடம் விட்டிருக்கிறார்.